ரவுட்டரும் அதன் காவலும்

மாஹிம் விரிகுடாவின் வடகோடியில், கழி கடலோடு கலக்கும் இடத்தில் பழங்கோட்டை ஒன்று நிற்கிறது. பம்பாய் ஏழு தீவுகளாய் இருந்த நாளில் வடக்கு வாயிலைக் காத்து நின்ற கோட்டை அது. இன்று அதன் மதிற்சுவர்களில் ஒரு பகுதியை அலைகள் அரித்துத் தின்றுவிட்டன. அதனை இந்நிலைக்குக் கொண்டுவந்தது பீரங்கியன்று. பழுது பாராமையே. கட்டி முடித்த அன்றோடு காவல் முடிந்துவிடுவதில்லை என்னும் உண்மைக்கு அதனினும் நல்ல சான்று வேண்டா.

இக்கட்டுரை கோட்டையைப் பற்றியதன்று. நம் வீடுகளிலும் விடுதி அறைகளிலும், சாமி படத்துக்குப் பக்கத்திலோ அலமாரியின் உச்சியிலோ, பச்சை விளக்கு மின்னிக்கொண்டு இருக்கும் சிறு பெட்டியைப் பற்றியது. அதற்கு ரவுட்டர் என்று பெயர். தமிழில் திசைவி என்பர். கணிப்பொறித் துறை மாணவர்க்கு மட்டும் உரிய செய்தி இது என்று எண்ணி, வேதியியலும் வரலாறும் பயிலும் நண்பர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா என்று முதற்கண் கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில், இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியில் பணத்தை இழக்க இருந்தவன் வணிகவியல் மாணவன்.

நிகழ்ந்தது யாது?

மாஹிம் இரயில் நிலையத்தின் கிழக்கே இறங்கினால் தாராவி தொடங்கிவிடும். அந்தப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் மூவர் தங்கிப் படிக்கிறோம். கீழே தோற்பை தைக்கும் கூடம். அதன் உரிமையாளர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். கூடத்துக்கும் எங்கள் அறைக்கும் ஒரே இணைய இணைப்பு, ஒரே ரவுட்டர்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், என் அறைத்தோழன் தேர்வுக் கட்டணமும் விடுதிப் பாக்கியுமாக 18,000 ரூபாய் செலுத்த உட்கார்ந்தான். அவன் தந்தை ஊரிலிருந்து அனுப்பிய பணம் அது. மடிக்கணினியில் வங்கியின் முகவரியைத் தட்டினான். பக்கம் திறப்பதற்குப் பதிலாக, ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்னும் பொருள்படத் திரை முழுவதும் எச்சரிக்கை தோன்றியது.

“இது எப்பவும் வர்றதுதான்டா. கீழே அமுக்கித் தாண்டிப் போயிடலாம்” என்றான்.

நான் அவன் கையைப் பற்றி நிறுத்தினேன். என் மடிக்கணினியில் அதே முகவரியைத் தட்டினோம், அதே எச்சரிக்கை. ஆகவே குற்றம் அவனுடைய கணினியில் இல்லை. பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசியின் சொந்த இணைப்பில் பார்த்தோம். வங்கிப் பக்கம் ஒழுங்காகத் திறந்தது. ஆகவே குற்றம் வங்கியிலும் இல்லை. எஞ்சியிருப்பது எது? கணினிக்கும் வங்கிக்கும் இடையே நின்ற பெட்டிதான்.

அண்ணாச்சியிடம் இசைவு பெற்று அப்பெட்டியின் நிருவாகப் பக்கத்தைத் திறந்தேன். பயனர் பெயர் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’. உள்ளே ஓடிய மென்பொருளின் தேதி 2016. பெயர்களுக்கு எண் காட்டும் இடத்தில், எங்களுக்கு இணைப்புத் தந்த நிறுவனத்துக்கோ அறிமுகமான வேறெந்த நிறுவனத்துக்கோ உரியதல்லாத இரண்டு எண்கள் எழுதப்பட்டிருந்தன. எழுதியவர் அண்ணாச்சி அல்லர், நாங்களும் அல்லோம்.

அண்ணாச்சி நம்பவில்லை. “தம்பி, அஞ்சாறு வருஷமா ஒரு தொந்தரவும் இல்லாம ஓடிக்கிட்டிருக்கு. ஓடுறத எதுக்குப் பிரிச்சுப் பார்க்கணும்?” என்று கேட்டார்.

“அண்ணாச்சி, தையல் மெஷினுக்கு எண்ணெய் போடாம ஓட்டுவீங்களா?” என்றேன்.

“அது சத்தம் போடும்லா? இது சத்தமே போடலியே!” என்றார்.

பலமுறை எண்ணிப் பார்த்தேன். இத்துறையின் இடர் முழுவதும் அண்ணாச்சியின் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. பழுதான தையற்பொறி சத்தம் போடும். பழுதான ரவுட்டர் முன்போலவே ஓடும். பச்சை விளக்கும் முன்போலவே மின்னும். சத்தம் போடாத பழுதை எங்ஙனம் அறிவது, எங்ஙனம் தடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ரவுட்டர் என்பது ஒரு கணினியே

ரவுட்டரை நாம் ஒரு மின்விசை இணைப்பான் போல எண்ணிவிடுகிறோம். அது பிழை. அதனுள் ஒரு செயலி உண்டு, நினைவகம் உண்டு, பெரும்பாலானவற்றில் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் உண்டு. திரையும் விசைப்பலகையும் இல்லை என்பதொன்றே நம் மேசைக் கணினிக்கும் அதற்கும் உள்ள பெரு வேற்றுமை. அதன் நிலையான நினைவகத்தில் எழுதி வைக்கப்பட்டு, மின்சாரம் வந்ததும் தானே ஓடத் தொடங்கும் மென்பொருளுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர்.

இந்த ஃபர்ம்வேரை ஒரு நிறுவனமே முழுவதும் எழுதுவதில்லை. சில்லைச் செய்தவர் எழுதிய பகுதி ஒன்று; பொதுவில் கிடைக்கும் நிரல்கள் சில; விலைக்கு வாங்கிய துணை நிரல்கள் சில; இவற்றையெல்லாம் சேர்த்துத் தைத்து, மேலே தம் பெயரைப் பொறித்து விற்கிறார்கள். பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்த பையில் ஏதேனும் ஒரு தையல் விடுவது இயல்பே. அந்தத் தையல் விட்ட இடத்தையே ஓட்டை என்கிறோம். ஓட்டை தெரியவந்ததும் நிறுவனம் அதனை அடைத்துப் புதிய ஃபர்ம்வேரை வெளியிடுகிறது. கைப்பேசி தானே கேட்டுப் புதுப்பித்துக்கொள்கிறது. பழைய ரவுட்டர்கள் பலவற்றில் அவ்வசதி இல்லை. நாமே போய்ப் பார்த்துப் போட்டால்தான் உண்டு. போடாவிட்டால் வாங்கிய நாளின் ஓட்டைகள் அனைத்தும் அப்படியே கிடக்கும்.

பழையது ஏன் கொடியது?

“என்னிடம் களவாட என்ன இருக்கிறது? இத்தனை கோடிப் பெட்டிகளுள் என் பெட்டியை எவன் தேடி வரப்போகிறான்?” என்று கேட்கும் நண்பர் பலர். இக்கேள்விக்கு இரு விடைகள் உண்டு.

முதலாவது, யாரும் உங்களைத் தேடி வருவதில்லை. எல்லாரையும் தேடி வருகிறார்கள். இணையத்தின் முகவரி எண்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தெருவில் உள்ள கதவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துச் செல்பவனுக்கு, எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்ற கவலை இல்லை. எது திறக்கிறதோ அதுவே அவனுக்கு வேண்டியது.

இரண்டாவது விடை இன்னும் நுட்பமானது. ஓர் ஓட்டை அடைக்கப்பட்டுப் புதிய ஃபர்ம்வேர் வெளிவரும்போது, அதில் என்ன ஓட்டை அடைக்கப்பட்டது என்பதும் உலகுக்குத் தெரிந்துவிடுகிறது. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, ஓட்டை இருந்த இடத்தைக் கள்வன் எளிதில் கண்டுகொள்வான். ஆகவே, மருந்து வெளிவந்த நாளே மருந்துண்ணாதவனுக்கு இடர் மிகும் நாளும் ஆகும். நேற்றுவரை ஒருசிலர்க்கே தெரிந்த ஓட்டை இன்று ஊரறிந்த ஓட்டை ஆகிறது.

2018-ஆம் ஆண்டில் மைக்ரோடிக் ரவுட்டர்களுக்கு நேர்ந்தது இதற்குச் சான்று. அவற்றிலிருந்த ஓர் ஓட்டையை ஏப்ரல் மாதத்திலேயே அந்நிறுவனம் அடைத்துவிட்டது. எனினும் புதியதைப் போடாத இலட்சக்கணக்கான ரவுட்டர்கள் ஆகஸ்டில் கள்வர் கையில் சிக்கின. பிரேசிலில் தொடங்கிப் பல நாடுகளில், அவற்றின் வழியே சென்ற பக்கங்களில் நாணயம் தோண்டும் நிரல் புகுத்தப்பட்டது. மருந்து இருந்தும் உண்ணாத நோயாளியின் கதை அது.

இன்னொரு சான்று இதனினும் வியப்புக்குரியது. 2014 டிசம்பரில் செக் பாயிண்ட் என்னும் நிறுவனம், உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் ரவுட்டர்களில் ஒரே ஓட்டை இருப்பதை அறிவித்தது. ராம்பேஜர் என்னும் சிறு துணை நிரலில் இருந்த ஓட்டை அது. அந்நிரலை எழுதிய நிறுவனம் 2005-ஆம் ஆண்டிலேயே அதனைத் திருத்திவிட்டது! திருத்தியது உண்மை, ஆனால் ரவுட்டர் செய்தவர்கள் பழைய பிரதியையே எடுத்துத் தைத்து விற்றுக்கொண்டிருந்தனர். ஒன்பது ஆண்டுகள் கழித்தும் அது வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வாங்கிய பெட்டி என்பதாலேயே உள்ளே இருப்பது புதிது என்று கொள்ளலாகாது என்னும் பாடம் இதில் இருக்கிறது.

கள்வன் என்ன செய்கிறான்?

ரவுட்டரைக் கைக்கொண்டவன் செய்யக்கூடிய தீமைகளை நான்காகப் பகுத்துக் கூறலாம்.

ஒன்று, வழி மாற்றுதல். மாஹிம் நிலையத்தில் இறங்கி மக்தூம் ஷா பாபா தர்காவுக்கு வழி கேட்கிறீர்கள். வழி சொல்பவன் வேண்டுமென்றே வேறு தெருவைக் காட்டினால், ஊர் புதியவரான நீங்கள் அங்கேதான் போவீர்கள். இணையத்தில் வங்கியின் பெயரைத் தட்டும்போது, அப்பெயருக்குரிய எண்ணைச் சொல்லும் வழிகாட்டிக்கு டி.என்.எஸ். என்று பெயர். எந்த வழிகாட்டியைக் கேட்பது என்பதை ரவுட்டரே முடிவு செய்கிறது. அந்த ஓர் எண்ணை மாற்றிவிட்டால், வீட்டிலுள்ள அத்தனை கருவிகளும் கள்வனின் வழிகாட்டியைக் கேட்கும். பிரேசில் நாட்டில் 2011-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 45 இலட்சம் மோடங்களில் இவ்வாறே செய்யப்பட்டு, மக்கள் போலி வங்கிப் பக்கங்களுக்குத் திருப்பப்பட்டனர். எங்கள் அறையில் நிகழ்ந்ததும் இவ்வகையே. போலிப் பக்கத்தால் வங்கியின் தோற்றத்தைப் பார்த்து எழுத முடியும். வங்கியின் மின் முத்திரையை உண்டாக்க முடியாது. முத்திரை பொருந்தாமையால்தான் உலாவி கூவியது. அந்தக் கூவலைத் தாண்டிப் போகும் பழக்கமே நம்மை அழிப்பது.

இரண்டு, அடிமைப்படை சேர்த்தல். 2016-ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீநிரல் பரவியது. அது அரிய ஓட்டை எதனையும் தேடவில்லை. ஆலையில் வைத்த பெயர், கடவுச்சொல் ஆகியவற்றுள் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட இணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவே. அதற்கே இலட்சக்கணக்கான கேமராக்களும் ரவுட்டர்களும் வசமாயின. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, அவை ஒருங்கே ‘டைன்’ என்னும் நிறுவனத்தைத் தாக்கியதால், அமெரிக்காவில் பல பெருந்தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. நவம்பரில் அதன் ஒரு கிளையால் ஜெர்மனியில் ஏறத்தாழ 9 இலட்சம் வீடுகளின் ரவுட்டர்கள் நிலைகுலைந்தன. மிராயை உருவாக்கியவர் மூவர், மூவரும் இளைஞர். அவருள் ஒருவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தாம் பயின்ற பல்கலைக்கழகத்தின் வலையமைப்பையே பலமுறை தாக்கி முடக்கியவர். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அறிவு மட்டும் போதாது என்பதற்கு மாணவர் நாம் நினைவிற்கொள்ள வேண்டிய சான்று.

மூன்று, ஒற்றறிதலும் முகமூடி அணிதலும். 2018 மே மாதத்தில் சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் ஆய்வுக்குழு, 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் கருவிகளில் ‘வி.பி.என். ஃபில்டர்’ என்னும் தீநிரல் புகுந்திருப்பதை வெளியிட்டது. வழியே செல்லும் செய்திகளை ஒற்றறியவும், வேண்டும்போது கருவியையே அழிக்கவும் வல்லது அது. வேறு சிலர் வீட்டு ரவுட்டரை முகமூடியாக அணிந்துகொள்கின்றனர். குற்றம் செய்பவன் எங்கோ இருப்பான். முகவரி உங்களுடையதாக இருக்கும். 2025 மே மாதத்தில், தயாரிப்பாளர் கைவிட்ட பழைய ரவுட்டர்களை இவ்வாறு வாடகைக்கு விட்டுவந்த இரு தளங்களை அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை முடக்கியது. காவலர் வந்து கதவைத் தட்டும்போது, “சத்தமே போடலியே” என்று சொல்லி என்ன பயன்?

நான்கு, அழித்தல். இது நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. ஆதலின் சற்று விரித்துரைக்கிறேன்.

2017: நம் நாட்டுப் பாடம்

2017 ஜூலை இறுதியில், பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். ஆகிய அரசுத் தொலைபேசி நிறுவனங்களின் வாடிக்கையாளர் பலரது மோடங்கள் திடீரெனச் செயலற்றன. எம்.டி.என்.எல். நம் மும்பை நகரிலும் தில்லியிலும் அந்நாளில் தொலைபேசிச் சேவை நடத்திய நிறுவனம் என்பது இந்நகரத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதிக்கப்பட்ட மோடங்கள் 60,000-க்கு மேல் என்று அந்நாளைய செய்திகள் கூறின. அவற்றுள் ஆலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாமல் இருந்தது. தொலைவிலிருந்து மோடத்தை நிருவகிப்பதற்கான 7547 என்னும் வாயிலும் வெளியுலகுக்குத் திறந்து கிடந்தது. கடவுச்சொற்களை உடனே மாற்றுமாறு பி.எஸ்.என்.எல். தன் வாடிக்கையாளரைக் கேட்டுக்கொண்டது.

செய்தவர் யார்? ‘பிரிக்கர்பாட்’ என்னும் அழிநிரலை எழுதி, ‘ஜானிட்டர்’, அதாவது துப்புரவாளர், என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்ட ஒருவர் தாமே செய்ததாகச் செய்தித்தளம் ஒன்றுக்குத் தெரிவித்தார். அவர் கூறிய நியாயம் விந்தையானது. இவ்வோட்டைக் கருவிகள் எப்படியும் மிராய் போன்ற படைகளில் சேர்ந்து உலகுக்குத் தீமை செய்யும். ஆகவே முன்னதாகவே அவற்றைக் கொன்றுவிடுகிறேன் என்பதே அது. நோய் பரவாதிருக்க நோயாளியைக் கொல்லும் மருத்துவம் இது! இதனை ஏற்க இயலாது. ஆனால் அவர் செயலால் ஓர் உண்மை புலப்பட்டது. அறுபதாயிரம் கதவுகளுக்கும் ஒரே திறவுகோல் இருந்தது. அத்திறவுகோல் யாவர்க்கும் தெரிந்ததாயும் இருந்தது.

இதில் பொறுப்பு யாருடையது? வாடிக்கையாளரை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. கடவுச்சொல்லை மாற்றச் சொல்லாமல் பெட்டியைக் கொடுத்துச் செல்பவர்க்கும், இரண்டாண்டில் ஆதரவை நிறுத்திவிடும் தயாரிப்பாளர்க்கும் பொறுப்பு உண்டு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பொதுக் கடவுச்சொல்லை வைத்து விற்பது சட்டப்படி தடுக்கப்பட்டுவிட்டது. எத்துணைக் காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் தரப்படும் என்பதையும் தயாரிப்பாளர் வெளிப்படக் கூறவேண்டும். அத்தகைய விதி எங்கும் வரவேண்டும் என்று நாம் குரல் எழுப்பலாம். அதுவரை நம் கதவை நாமே பூட்டிக்கொள்ள வேண்டும்.

காக்கும் முறை

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன். ஓர் ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போதும்.

1. பெட்டியைத் திருப்பி, அடியிலுள்ள ஒட்டுத்தாளைப் படியுங்கள். மாதிரியின் பெயர் மட்டுமன்றி, வன்பொருட் பதிப்பெண்ணும் அதில் இருக்கும். ஒரே பெயரில் முதற் பதிப்பு, இரண்டாம் பதிப்பு எனப் பல உண்டு. ஒன்றின் ஃபர்ம்வேர் மற்றதற்குப் பொருந்தாது. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. நிருவாகப் பக்கத்தைத் திறந்து, ஓடும் ஃபர்ம்வேரின் எண்ணையும் தேதியையும் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்னும் எண்ணை உலாவியில் தட்டினால் அப்பக்கம் வரும்.

3. தயாரிப்பாளரின் சொந்தத் தளத்துக்குச் சென்று, உங்கள் மாதிரிக்கும் பதிப்புக்கும் உரிய புதிய ஃபர்ம்வேர் உண்டா என்று பாருங்கள். வேறெங்கிருந்தும் இறக்கிக்கொள்ளாதீர். ரவுட்டரில் ஐயம் இருந்தால், கைப்பேசியின் சொந்த இணைப்பிலேயே இதனை இறக்குங்கள். வழி மாற்றப்பட்ட ரவுட்டர் வழியே மருந்து தேடினால் நஞ்சு கிடைக்கக்கூடும். இணைய நிறுவனமே கொடுத்த பெட்டியாயின், அந்நிறுவனத்தைக் கேளுங்கள்.

4. புதுப்பிக்கும் முன், இணைப்புக்கான பயனர் பெயர் முதலிய அமைப்புகளைத் தாளில் எழுதி வையுங்கள். வைஃபை வழியாகச் செய்யாமல், கம்பி வழியே கணினியை இணைத்துச் செய்யுங்கள். எழுதி முடியும்வரை மின்சாரம் போகக்கூடாது. பாதியில் நின்றால் பெட்டி வெறும் செங்கல் ஆகிவிடும். இடி மழை நாளில் இதனைத் தொடாதீர்.

5. முன்பே யாரோ புகுந்திருக்கக்கூடும் என்று ஐயுற்றால், பின்புறத் துளையில் ஊசியை அழுத்தி, ஆலை அமைப்புக்கு மீட்டபின் புதியதைப் போடுங்கள். வெறுமனே அணைத்துப் போடுவது போதுமா? மிராய் போன்றவை தற்காலிக நினைவகத்தில் மட்டும் வாழ்வன, அணைத்தால் மறையும். ஆனால் ஓட்டை அப்படியே இருப்பதால் சிறிது நேரத்தில் மீண்டும் வரும். வி.பி.என். ஃபில்டரின் முதற்பகுதியோ அணைத்தாலும் அழியாதிருந்தது. ஆகவே அணைத்துப் போடுதல் முதலுதவியே, மருத்துவமன்று.

6. கடவுச்சொற்கள் இரண்டு என்பதை நினைவிற்கொள்க. வைஃபையில் சேர்வதற்கு ஒன்று; ரவுட்டரை நிருவகிப்பதற்கு ஒன்று. நம்மில் பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு அமைதி அடைகிறோம். இரண்டையும் மாற்றுக, ஒன்றுபோல் மற்றது இருத்தலாகாது. தொடர்பில்லாத நான்கு தமிழ்ச்சொற்களை ஆங்கில எழுத்தில் அடுக்கினால், நினைவிலும் நிற்கும், நீளமும் அமையும்.

7. தொலைவிலிருந்து நிருவகிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். வீட்டுக்குள்ளிருந்து மட்டுமே நிருவாகப் பக்கம் திறக்க வேண்டும். யூ.பி.என்.பி. என்னும் வசதி, கேட்காமலே வாயில் திறந்துவிடுவது. தேவையின்றேல் அதனையும் அணைக்க.

8. டபிள்யூ.பி.எஸ். என்னும் எட்டிலக்க எண் முறையைக் கட்டாயம் அணைக்க. இதற்குக் காரணம் சிறு கணக்கு. எட்டு இலக்கங்களுள் கடைசியது சரிபார்ப்பு இலக்கம்; ஆகவே ஏழு இலக்கம், அதாவது 1 கோடி எண்கள், முயல வேண்டும் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் முதல் நான்கினைத் தனியாகவும், மீதியைத் தனியாகவும் சரிபார்த்துச் சொல்கிறது. முதற்பாதிக்கு 10,000, பிற்பாதிக்கு 1,000. இரண்டும் பெருகுவதில்லை, கூடுகின்றன. ஆக 11,000 முயற்சிகளே போதும்! 2011 டிசம்பரில் வெளியான இக்குறை, சில மணி நேரத்தில் கதவைத் திறக்கப் போதுமானது.

9. வைஃபைக்கு டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதனையும், இல்லையேல் ஏ.இ.எஸ். உடன் கூடிய டபிள்யூ.பி.ஏ.2-ஐயும் தேர்ந்தெடுங்கள். டபிள்யூ.இ.பி. என்னும் பழைய முறை இருந்தால் அது பூட்டே அன்று.

10. டி.என்.எஸ். எண்களைப் பார்த்துக் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை அவை மாறாமல் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். சத்தம் போடாத பழுதை அறிய இதுவே எளிய வழி.

11. விருந்தினர்க்கெனத் தனி வைஃபை அமைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஒரே இணைப்பைப் பலர் பகிரும் நம் பகுதிகளில் இது மிக வேண்டுவது.

12. தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திவிட்ட மாதிரியாயின், அதனைக் கைவிடுவதே முறை. ஓபன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் பொது ஃபர்ம்வேர் சில மாதிரிகளுக்குப் பொருந்தும். தேர்ந்தவர் அதனைப் போட்டுக்கொள்ளலாம். ஏனையோர் புதிது வாங்குக. வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல், எத்தனை ஆண்டு திருத்தம் தருவார்கள், தானே புதுப்பித்துக்கொள்ளுமா என்று கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் பணம் போய்விட்டால், நாணி ஒளியாமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். காலந்தாழ்த்தாமல் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. தீநிரல்களை அகற்றும் கருவிகளை, 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ என்னும் நடுவணரசின் மையம் இலவசமாக வழங்குகிறது.

முடிவுரை

அண்ணாச்சியின் பெட்டிக்குப் புதிய ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை. அந்த மாதிரிக்குத் திருத்தம் வருவது நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன. புதிது வாங்க 1,600 ரூபாய் ஆகும் என்றேன். நெற்றியைச் சுருக்கினார். அறைத்தோழனின் 18,000 ரூபாயைச் சொன்னேன். அது அவரை அசைக்கவில்லை. பிறகு, கூடத்தின் வாரக்கூலி முழுவதும் இதே பெட்டி வழியாகத்தான் தொழிலாளர் கணக்குகளுக்குப் போகிறது என்பதை நினைவூட்டினேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். “பதினோரு பேரு கூலிலா தம்பி அது” என்றார். அன்று மாலையே புதுப்பெட்டி வந்துவிட்டது.

தம் பொருட்டு அஞ்சாத மனிதர், தம்மை நம்பியவர் பொருட்டு அஞ்சினார். ரவுட்டரின் காவல் என்பதும் அத்தகையதே. அது ஒருவருடைய பூட்டன்று. அண்டை வீட்டார், ஒரே இணைப்பைப் பகிர்வோர், என்றும் காணாத அயல்நாட்டார் ஆகிய யாவருடைய நலமும் அதில் கலந்திருக்கிறது. என் பெட்டி பழுதானால், அது தாக்கப்போவது உங்களையாக இருக்கலாம்.

நம் மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் ஐந்து வீடுகளின் பெட்டிகளைப் பார்த்துக் கொடுப்போம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் வீடுகளில், “இதெல்லாம் எனக்கு என்ன தெரியும் தம்பி?” என்று சொல்லும் பெரியவர்கள் எத்தனையோ பேர். நாம் கற்ற கல்வியில் ஒருமணி நேரம் அவர்களுக்கு உரியது.

அண்ணாச்சியின் கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில், மூன்று மாதத்துக்கு ஒரு தாளில் ‘பெட்டி பார்க்கணும்’ என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். சென்ற முறை அந்நாள் வந்தபோது நான் மறந்துவிட்டேன். கீழிருந்து குரல் வந்தது: “தம்பி, அது சத்தம் போடாதுன்னு நீதான சொன்ன? வந்து பாருல!”